சம்பளம் ஆறு மாதம், தவணை பன்னிரண்டு மாதம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஆவணி மாதம். நல்ல சீசன். ஓவர்டைமோடு கைக்கு வந்த முதல் சம்பளத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. தவணையில் பைக் எடுக்க நேராக ஷோரூமுக்குப் போனேன். மாதச் சம்பளம் எவ்வளவு என்றார்கள். ஓவர்டைமையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மாதத்துக்கு அது உண்மைதான். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்பது காலண்டர் அடிக்கிறவனுக்கே மறந்துபோயிற்று. இதில் நான் பி.காம். வேறு.

பொங்கல் முடிந்ததும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இரண்டு தவணை நின்றது. கணக்கில் பணம் இல்லாததற்கு அபராதம் போட்டார்கள். இல்லாதவனிடம் எதைப் பிடுங்கப்போகிறார்கள் என்று நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸில் பதினெட்டாயிரத்தைத் தங்கையின் காலேஜ் பீஸுக்கென்று சேலை மடிப்பில் வைத்திருந்தார். வீட்டில் ரொக்கம் வைப்பது முட்டாள்தனம் என்று நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

“ஏலே, சேலைக்கடியில கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்கும்லே” என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. வாங்கிப் போய் என் கணக்கில் போட்டேன். மறுநாள் காலையில் நின்ற தவணை இரண்டும் அபராதமும் தானாகக் கழிந்திருந்தன. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம். நாலு மாதம் சேலைக்குள் பத்திரமாக இருந்த பணம் என்னிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தங்கைதான் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணே, இன்னைக்கு நான் பஸ்ல போகல. பைக்ல கொண்டுபோய் விடுங்க. என் பீஸு அதுக்குள்ளதான இருக்கு?”

ஆமத்தூர் தாண்டி விருதுநகர் போய்ச் சேர்ந்தோம். காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அவள் உள்ளே போய்க் கிளார்க்கிடம் பேசுவது நன்றாகக் கேட்டது.

“சார், எங்க அண்ணன்தான் பீஸு கட்டுறாக. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். ஒரு மாசம் டைம் குடுங்க சார்.”

நான் கல்லுக்குண்டு மாதிரி வெளியே நின்றேன். அவமானம் பிடுங்கித் தின்றது. என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னது அதைவிட வலித்தது.

கிளார்க் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“உன்னைக் கொண்டுவந்து விட்டது யாரும்மா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியல சார். வர்ற வழியில லிப்ட் குடுத்தாக.”

நான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.