கோட்டுக்குள் மூச்சு

குன்வோர் பேசி எங்கள் வோஸ் பள்ளத்தாக்கில் எவரும் கேட்டதில்லை. சிறுவயதில் தொண்டை அடைப்பான் வந்து குரலைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் பியருக்கு ஈஸ்ட் எழுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இல்லை என்பவர்கள் என்னிடம் வந்து சொல்லட்டும்.

எழுந்த ஈஸ்ட்டைப் பெரிய தொட்டியில் ஊற்றும்போது அந்த வீட்டு ஆள் ஒருவர் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்தாமல் ஊற்றிய பியரைக் குடித்தவர்கள் பாட்டும் சிரிப்பும் இல்லாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஊற்றுவாள், புருஷன் சிவெர்ட் கத்துவான். அப்படித்தான் அவர்கள் காலம் ஓடியது.

சிவெர்ட் நவம்பரில் செத்தான். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் செத்தவன் பண்ணையின் ஈஸ்ட்டில் காய்ச்சிய பியரைத்தான் ஊற்ற வேண்டும். உடலைக் களஞ்சியத்தில் கிடத்திவிட்டு அவள் காயவைத்த ஈஸ்ட்டை எடுத்துப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாம் பூசணம். மோந்து பார்த்து ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டாள். நல்லதாக ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அது எழாவிட்டால் அந்த வீட்டு ஈஸ்ட் அதோடு முடிந்தது.

அந்த வீட்டில் பிறந்து தனியே போய்விட்ட சிவெர்ட்டின் தம்பி அஸ்லாக் தன் வீட்டு ஈஸ்ட்டைக் கொண்டுவந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, பிடிவாதம் பண்ணாதீங்க. இதப் போடுங்க. செத்துப்போன ஈஸ்ட்டுக்கெல்லாம் நான் கத்த மாட்டேன்."

"ஒன் வீட்டுப் பியரக் குடிச்சா துக்கத்துக்கு வந்தவனுக்கு இன்னும் துக்கம் வரும். போடா அந்தப் பக்கம்," என்றேன், அவளுக்கு உதவிக்கு வந்திருந்த நான்.

"நீங்க கத்துறீங்களா அக்கா?"

"நான் பக்கத்து வீட்டுக்காரிடா. நான் கத்தலாமா?"

குன்வோர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கிண்ணத்தையும் கரண்டியையும் ஜூனிப்பர் தழை போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தாள். பார்லிச் சாற்றைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. பிறகு அதைக் கிண்ணத்தில் ஊற்றி அந்த ஈஸ்ட் துண்டைப் போட்டாள். மேலே வெந்நீரில் அலசிய துணி, அவ்வளவுதான். மூடியை இறுக்கினால் உள்ளே காற்று சேர்ந்து பாத்திரம் வெடிக்கும். எங்கள் ஊரில் ஒருத்தனுக்குக் கண்ணே போயிருக்கிறது. சூடு தங்குவதற்காகச் சிவெர்ட்டின் கம்பளிக் கோட்டைச் சுற்றிவைத்தாள்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அஸ்லாக் வந்தான்.

"எழலல்ல? நான்தான் சொன்னேனே," என்று கோட்டருகே குனிந்தான்.

கோட்டின் மார்புப் பக்கம் மெல்ல உயர்ந்தது. பெருமூச்சு விடுவதுபோல் அமுங்கியது. மறுபடியும் உயர்ந்தது. நுரைதான் துணியைத் தூக்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் அடி பின்னால் வைத்தேன். கைப்பக்கம்கூட லேசாக அசைந்தது.

அஸ்லாக் கத்தினான். அப்படி ஒரு கத்தலை மனிதர் கத்திக் கேட்டதில்லை.

குன்வோர் அதற்குத்தான் காத்திருந்தாளோ என்னவோ, கோட்டை விலக்கி ஒருமுறை மோந்தாள். புளிப்பில்லை, ஆரஞ்சுத் தோல் வாசனை. ஒரு கரண்டி மறுபடி காயவைக்க எடுத்து வைத்துவிட்டு, அவன் கத்தி முடிப்பதற்குள் மீதியைப் பார்லிச் சாறு நிறைந்த பெரிய தொட்டியில் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது அவள் வாயும் திறந்திருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பியர் நன்றாகவே வந்தது. அடக்கம் முடிந்து குடிக்க உட்கார்ந்தபோது ஏரிக்கு அக்கரைப் பண்ணைக்காரன் கேட்டான்:

"அன்னிக்குக் கத்துனது அஸ்லாக்னு தெரிஞ்சுபோச்சு. கூடவே கத்துன பொம்பள யாரு?"

குன்வோர் அவன் கிண்ணத்தை நிரப்பினாள்.