காமிராவில் வந்த தம்பி குரல்

காமிரா மாட்டுகிறவனுக்கு ஊருக்குள் 'படம்' என்றே பேர். எந்தக் கோளாறு என்று கூப்பிட்டாலும் ஏணியை விரிப்பதற்கு முன்பே "படம் வந்துடும் சார்" என்பான். எதிர்த்துப் பேச வாய் கிடையாது. அதனாலேயே வேலை தட்டாமல் வந்தது.

புருஷன் போனபின் தன் வீட்டோடு வந்துவிட்ட அக்காவை, காமிரா மாட்டிக்கொடுத்த துணிக்கடையிலேயே விற்பனைக்குச் சேர்த்துவிட்டிருந்தான். அந்தக் கடையில் பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்க வேண்டும். நின்று நின்று அக்காவின் கால் பொதபொதவென்று வீங்கிப்போனது.

"முதலாளி கடையில இல்லாதப்ப தாராளமா உட்காருக்கா" என்றான். "கல்லா பக்கத்துல இருக்கிற டிவியில மட்டும்தான் படம் தெரியும். மாட்டினவன் சொல்றேன்ல?"

அன்றைக்கு அது உண்மைதான்.

ஒருநாள் மத்தியானம் முதலாளி வீட்டுக்குக் கூப்பிட்டார். மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருந்தான். கடையை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும்; காமிராவோடு வந்த மென்பொருளோ அதில் திறக்கவே மாட்டேன் என்றது.

"இது வேற ரகக் கம்ப்யூட்டர் சார். இதுக்குன்னு தனியா இருக்கு, அதைப் போடணும். போட்டா இங்கிருந்து பேசினாக்கூட அங்க கேக்கும்."

தேடி இறக்கினான். கடையில் காமிராப் படம் பதிவாகும் பெட்டியின் எண்ணையும் கடவுச்சொல்லையும் அடித்தான். தப்பு என்றது, மறுபடி அடித்தான். வேலை மும்முரத்தில் அக்கா நினைப்பே வரவில்லை.

படம் வந்தது. கல்லா, வாசல், மாடிப்படி. நாலாவது கட்டத்தில் குழந்தைகள் துணிப் பிரிவு. அங்கே அக்கா ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடிமேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று மூடப் போனவனின் மணிக்கட்டைப் பிடித்தார் முதலாளி.

"இரு, பெரிசாக்கு. உங்க அக்காதானே?"

"ஆமா சார். கால் கொஞ்சம்..."

"இங்கிருந்து பேசினா அங்க கேக்கும்னு சொன்னியே?"

"கேக்கும் சார்."

"சோதிச்சுப் பாத்துடுவோம். எந்திரின்னு சொல்லு."

வாய்க்குள்ளேயே சொன்னான். "சத்தமா" என்றார் அவர்.

"எந்திரி."

அக்கா திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாள். குரல் பிடிபட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. தம்பி ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, போடா என்பதுபோல் கையை வீசிவிட்டு மறுபடி காலை அமுக்கினாள்.

முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றார்.

சொன்னான். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னான். "வேலைக்கு வந்தியா, கால் அமுக்க வந்தியா? முதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. பதறி எழுந்தவளின் வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. தடுமாறி அலமாரியைப் பிடித்தாள். சின்னச் சின்னக் கவுன்களாகச் சரிந்து விழுந்தன. மற்ற பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியும் குனியவில்லை.

"கடை சாத்துற வரைக்கும் காமிராவுக்கு நேரா நிக்கச் சொல்லு."

அதையும் சொன்னான். பிறகு முதலாளியின் போனிலும் அந்தப் படத்தை வரவழைத்துக் கொடுத்தான். டீ வந்தது, குடித்தான்.

ராத்திரி சோறு போடும்போது அக்கா கேட்டாள். "அது நீதானாடா?"

"நான்தான்."

"பாக்க முடியாதுன்னியே?"

"இப்ப முடியும்க்கா."

 கால் வெடித்துப் புண்ணாகும் வரை அக்கா வேலைக்குப் போனாள். அதற்குமேல் முடியாமல், நாத்தனார் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஒண்டிக்கொள்ளப் போய்விட்டாள். வழியனுப்ப இவன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வா" என்றார் முதலாளி. "உன் வீட்டு ஆளா இருந்தா நல்லது. உன் குரலுக்கு அடங்குவாங்க."

அடுத்த வாரம் மனைவியின் தங்கையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடையில் விட்டான்.