கொடியில் இருபத்தைந்து சட்டை

தோய்ப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டையின் அக்குளையும் முகர்ந்து பார்ப்பார் கசோன்டே. "இவன் ஓடியிருக்கான். இவன் சும்மா நின்னிருக்கான். கோச்சுக்கு வீடியோ வேணும், எனக்கு மூக்கு போதும்" என்பார். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கிட்வே சந்தையில் பழந்துணி மூட்டை சுமந்த மனிதர். இன்றைக்கு ஜாம்பியா கால்பந்து அணியின் துணிமணி முழுக்க அவர் கையில். பதினாறு வருடத்தில் ஒற்றைக் காலுறை தொலைந்ததில்லை. இதைச் சொல்லாமல் அவர் யாரையும் விட்டதும் இல்லை.

ஆப்பிரிக்கக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் வந்துவிட்டால் மட்டும் அவருக்கு ந்ஷிமா களி உருண்டை தொண்டையில் இறங்காது. முகாமில் இருபத்தாறு பேர். விமானம் ஏறுவது இருபத்து மூன்று பேர்தான். கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், பைகளைக் கட்ட வேண்டுமே என்று பட்டியல் முதலில் அவரிடம் வரும். இது பையன்களுக்குத் தெரியும். அவர் கொடியைப் பார்த்தே தலையெழுத்தைப் படித்துவிடுவார்கள்: சட்டை கொடியில் தொங்கினால் பயணம், தொங்காவிட்டால் வீடு. அதனாலேயே பட்டியல் வருமுன் இருபத்தாறையும் ஒன்றாகக் காயப்போட்டுவிடுவார்.

நேற்று மலாவியோடு கடைசி ஆட்டம். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் முசொண்டாவுக்கு மூக்கில் முழங்கை இடி. பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசிவரை ஆடினான். வெளியே உட்கார்ந்தால் மறந்துவிடுவார்கள் என்ற பயம். அவனுடைய பதினான்காம் எண் சட்டையெல்லாம் ரத்தம். இன்று காலை கொடியில் இருபத்தைந்துதான் ஆடின.

பத்து மணிக்கு முசொண்டா பையோடு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கசோன்டே வெறுங்காலோடு ஓடிப் பிடித்தார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"கொடியப் பாத்துட்டேன் பெரியவரே. பேரை வாசிக்கிற வரைக்கும் நின்னு அவமானப்படணுமா?"

"மூக்குல ரத்தம் விட்டவன் நீ! சட்டை உப்புத்தண்ணியில ஊறுதுடா, முட்டாப்பயலே. பட்டியல் எனக்கே இன்னும் வரல."

"சத்தியமா?"

"பதினாறு வருஷமா பாக்குறேன். எவன் போவான், எவன் நிப்பான்னு எனக்குத் தெரியாதா? நீ போற. நான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் முசொண்டா பையை இறக்கிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான். "போறேம்மா! கசோன்டே பெரியவரே சொல்லிட்டாரு!" கோல் காப்பவன் மாடியிலிருந்து கத்தினான்: "வாளியில ஊறுற சட்டைக்கு வீட்டுக்குக் கிளம்பினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா!" எல்லோரும் சிரித்தார்கள். கசோன்டேயும் சிரித்தார், பல் மட்டும் தெரிய.

மதியம் காகிதம் வந்தது. எழுத்து அவருக்கு மெல்லத்தான் பிடிபடும், எண் அப்படியில்லை. பதிமூன்று இருந்தது. அடுத்தது பதினைந்து. விரலை வைத்து மேலிருந்து மறுபடி வந்தார். பதிமூன்று, பதினைந்து.

முசொண்டா பக்கத்தில் வந்து நின்றான். மூக்கு வீங்கிப் பளபளத்தது. "என்ன பெரியவரே, பட்டியலா அது? நாம உண்டுதானே?"

கசோன்டே காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். கொடிப்பக்கம் திரும்பிக் காய்ந்த சட்டைகளை எடுக்கத் தொடங்கினார். கழற்றிய கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டார். அடுத்ததையும் வாயிலேயே. அதற்கடுத்ததையும். கிளிப் போடும் டப்பா காலடியில் காலியாகக் கிடந்தது.