கோயிலுக்குப் போயிட்டு வரேன்

அம்மா போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. குக்கர் விசில் அடித்தால்கூடக் கோபம். மயிலாப்பூரில் ஒரு சத்சங்கத்துக்குப் போனேன். "எல்லாம் கர்மா" என்றார்கள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். தி.நகரில் பார்த்த மனநல ஆலோசகரோ நான் சாமி பேச்சை எடுத்தாலே கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அடையாறில் ஒரு குழு இருப்பது தெரிந்தது. முதலில் கொஞ்சம் பஜனை, பிறகு மௌனம். அதன்பின் ஒரு தெரபிஸ்ட் முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லலாம். யாரும் புத்திமதி சொல்லக் கூடாது. இதுதான், இதேதான் என்று மனசு குதித்தது! கணவரிடம் சொன்னால் கிண்டல் செய்வார். "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாடிப்படி ஏறினால், வாசலில் செருப்புகள். அதில் ஒரு ஜோடியின் வாரில் பச்சை நூல் தையல். தைத்தவளே நான்தான். வியாழன்தோறும் உபந்யாசம் கேட்கப் போகும் என் மாமியாருடைய செருப்பு!

மாமனார் இறந்ததிலிருந்து வீட்டில் வாயே திறக்காதவர், உள்ளே கண்ணை மூடி உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து என்னைப் பார்த்தவர், நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கைப்பையைத் திறந்தார். உள்ளே நிறைய விபூதிப் பொட்டலங்கள்.

"நெத்தியில இட்டுக்கோடி. வெறும் நெத்தியோட ஆத்துக்குப் போனா அவன் கண்டுபிடிச்சுடுவான்."