மாட்டுக்கொட்டகைத் தகரம் பிரிக்கிறவன் பாடு

துருப்பிடித்த நட்டு ஒன்றை ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்தவர்களுக்கு என் தொழிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நானும் என் கூட்டாளி சேவியரும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைகளின் பழைய தகரத்தைப் பிரித்து இறக்குகிறவர்கள். புதுத் தகரம் போட வேறு ஆட்கள் வருவார்கள். அவர்கள் வரும்போது குளவிக்கூடு இருக்காது, எலிப்புழுக்கை இருக்காது. அதெல்லாம் எங்கள் பங்கு. வெயிலில் உயரத்தில் ஏறிப் பிழைக்கிறவர்கள் யாராக இருந்தாலும், வாருங்கள், சேர்ந்தே பெருமூச்சு விடுவோம்.

இறங்க உத்தரவு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கொட்டகை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எந்தத் தகரத்தை முதலில் எடுப்பது, எந்தக் காலை முதலில் வைப்பது என்று காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியதும் தகரம் தோசைக்கல்லாகிவிட்டது. நாங்கள் ஏணியில் கால் வைத்தோம். "பனிமலை மேல ராப்பகலா நின்னவன் நான். இந்த வெயிலுக்கே எறங்குறீங்களா?" என்றார்.

வாதாடச் சேவியருக்குத் தெம்பில்லை. "சார், செத்த மேல வந்து தொட்டுப் பாருங்க" என்றான். மனிதர் விறுவிறுவென்று ஏறி, தகரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். மீசைக்குக் கீழே கையைக் கொண்டுபோய் ஊதினார். இறங்கி, தரையில் நிமிர்ந்து நின்ற பிறகுதான் வாய் திறந்தார்: "சரி, எறங்க உத்தரவு தாரேன். மோர் வருது."

கூரைக்குப் பாரம்

வத்திராயிருப்பில் பெருமாள்சாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். பெருமழைக்கு முன்னால் புதுத் தகரம் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுத்திக் கூப்பிட்டார். பாதிக் கூரையைப் பிரித்திருப்போம். மேற்கே மலையில் மேகம் கறுத்து இறங்கியது. தோப்பில் கட்டியிருந்த சினைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, தன் பழைய இடத்திலேயே படுத்துவிட்டது. தண்ணிக்குடம் உடைந்திருந்தது. கன்று போட இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

பெருமாள்சாமி ஆள் ஆஜானுபாகு. ஆனால் குரல் நடுங்கியது. "போன ஈத்துல கன்னு செத்துப் பொறந்துச்சு அண்ணாச்சி. ஒரு வாரம் என் வீட்டுக்காரி சாப்பிடல. கழட்டினதைத் திருப்பிப் போட்டுருங்க." எப்படிப் போடுவது? போல்ட்டெல்லாம் வெட்டியாகிவிட்டது. தகரத்தைத் தூக்கிச் சட்டத்தின் மேல் சும்மா பரப்பினோம். காற்று அடித்ததும் அது படபடவென்று எழும்பியது. வேறு வழியில்லாமல் நான் ஒரு ஓரத்திலும் சேவியர் மறு ஓரத்திலும் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டோம்.

மழை முதுகில் கல்லெறிந்த மாதிரி விழுந்தது. ஒவ்வொரு இடிக்கும் சேவியர் "மாதாவே!" என்று கத்தினான். கீழே மாட்டின் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றுபோனது. "என்னாச்சு?" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். அப்புறம்தான் பெருமாள்சாமியின் குரல், அழுகையும் சிரிப்புமாக, மேலே வந்தது: "கெடேரிக் கன்னு அண்ணாச்சி! எந்திரிச்சிருச்சு! நஞ்சுக்கொடி இன்னும் விழல, இன்னும் செத்த நேரம் அப்படியே படுத்துக்கோங்க!"

பாதிக் கூரை

செட்டியார்பட்டியில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பொதுவாக இருந்த கொட்டகை. பாகம் பிரித்ததில் ஆளுக்குப் பாதி. பேச்சுவார்த்தை அதோடு நின்றுவிட்டது. அண்ணன் தன் பாதியைப் பிரிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். நடுத் தகரமோ இரண்டு பேர் பாகத்திலும் கிடந்தது. "என் பாதியில ஒரு ஆணி அசையக் கூடாது" என்றார் தம்பி. அப்படியென்றால் கிரைண்டரால் குறுக்கே வெட்ட வேண்டும், பொறி பறக்கும், வைக்கோலை நகட்டுங்கள் என்றேன். "என் பாதியில கெடக்கு. நான் எதுக்கு நகட்டணும்?" என்றார். ஈரச் சாக்கை விரித்துவிட்டு வெட்டினோம்.

சாக்கைத் தாண்டி ஒரு பொறி விழுந்துவிட்டது. புகை எழும்பியது. தம்பி மாட்டை அவிழ்க்க ஓடினார். அதற்குள் அண்ணன் வாளித் தண்ணீரோடு அந்தப் பக்கம் பாய்ந்து ஊற்றி, மிச்சத்தை வெறுங்காலால் மிதித்தே அணைத்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். அண்ணனின் பாதம் சிவந்து கொப்பளித்திருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசிவிடுவார் என்று நினைத்தேன். பேசவும் செய்தார், என் பக்கம் திரும்பி: "அவியகிட்டச் சொல்லுங்க, கால்ல பச்சத் தண்ணி ஊத்தணும்னு."

பெயிண்டுக்கு அடியில்

தளவாய்புரத்தில் ஒரு கொட்டகைக்காரர் கூரை பார்வையாக இருக்கட்டுமே என்று துருவின் மேலேயே பச்சைப் பெயிண்டு அடித்து வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தால் எது தகரம், எது வெறும் பெயிண்டு என்று தெரியாது. சட்டம் ஓடுகிற இடத்தில்தான் சேவியர் கால் வைத்தான். அந்தச் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. பக்கத்தில் இருந்தவனைக் காணோம், ஒரு ஓட்டைதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். மாட்டுக்குக் கழனித் தண்ணி வைக்கிற தொட்டிக்குள் கிடந்தான்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அவன் தவிட்டு வாடையோடு என் தோளில் சாய்ந்திருந்தான். தூங்கிவிடக் கூடாதே என்று நான் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தேன். தோள்பட்டை எலும்பு முறிவோடு போயிற்று. அவன் மனைவி செல்வராணி வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள், தலையைத் தடவினாள், அழவில்லை. இனி அவனை வேலைக்கு அனுப்ப மாட்டாள் என்றுதான் நான் வாசலோரம் ஒதுங்கி நின்றேன். அவள் என்னிடம் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, இனிமே எறங்குறதுன்னா ஏணி வழியா எறங்கச் சொல்லுங்க."

கூரை போட்டவனுக்கு வேட்டி துண்டு கொடுத்துக் கும்பிடுகிற இந்தச் சீமை, பிரித்தவனைப் பார்த்துச் சொல்வதெல்லாம் "கீழ கெடக்குற ஆணியைப் பொறுக்கிட்டுப் போங்க, மாடு தின்னுரும்" என்பது மட்டும்தான்.