சகலையின் தட்டு

என் சகலைக்கும் எனக்கும் ஒரே மருத்துவர், ஒரே வார்டு, ஒன்பது நாள் இடைவெளியில் ஒரே அறுவை சிகிச்சை. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு சின்ன வாழைக்காய் அளவுக்குக் குழாய்போலத் தைத்துவிடுவார்கள். முதலில் முடிவெடுத்தவன் நான். நான் படுத்திருந்தபோது அவர் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். தண்ணீரையே ஸ்பூனில் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆப்பிள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதுங்களா சகல?" என்று கேட்டார். அவ்வளவாக இல்லை என்றேன். அடுத்த வாரம் அவரும் வந்து படுத்துவிட்டார்.

அது வைகாசி மாதம். ஆவணியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். அதற்குள் நான் முப்பத்தொரு கிலோ இறங்கியிருந்தேன். அவர் இருபத்தைந்து. எண்கள் விஷயத்தில் நான் கவனமானவன். சேலத்தில் ஒரு நாளிதழின் செய்திமேசையில் இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுதும் எண்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்குகிறேன். ஆறு கிலோ முன்னிலை. அந்தத் தெம்பில்தான் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

சகலையைச் சுற்றி ஒரு கூட்டம். "இளந்தாரி ஆயிட்டீங்களேங்! பொண்ணு பாக்கலாமாட்ட இருக்கு" என்று ஒருவர் அவர் தோளில் தட்டினார். தட்டிய இடத்தில் சட்டை நிறைந்திருந்தது. என்னிடம் வந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "ஏஞ்சாமி இப்படி ஆயிட்டே? சக்கரை முத்திப் போச்சா?"

நானும் ஆபரேஷன்தான் செய்துகொண்டேன் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. அந்தப் பந்தியில் சகலையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் எடுத்து, நெடுநேரம் மென்று, கையை மடியில் வைத்துக்கொண்டு, பிறகு அடுத்த வாய். அவசரமே இல்லாத மனிதர். என் சட்டை என்மீது ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. குளியலறை வடிகட்டியில் தினமும் ஒரு கைப்பிடி முடி சேர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு முடிகூடக் கொட்டவில்லை என்று என் மனைவி அவள் அக்காவிடம் விசாரித்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "நீங்க இறக்கினதுல கொழுப்பு மட்டும் இல்லைங்க, சதையும் போயிருக்கு. புரோட்டீன் உள்ள போகவே இல்லை." ஐப்பசியில் மறுபடி எடுக்கும் பரிசோதனையிலும் இதே நிலை என்றால் மருத்துவமனையில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்ட வேண்டியிருக்கும் என்றார். நான் ஆறு கிலோ முன்னிலை என்று நினைத்தது எதில் என்று அப்போது புரிந்தது.

உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம், எந்த வேளையிலும் முதல் வாய் அதுதான், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்றார். இதையெல்லாம் அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு தாளில் கொடுத்திருந்தார்கள். சகலை அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். நான் அதில் இருந்த அச்சுப்பிழைகளைத் திருத்தி வரவேற்பறையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இப்ப என்னென்ன சாப்பிடறீங்க சார்?"

"கொள்ளு தினமும் எடுத்துக்கறேங்க."

"கொள்ளு ரொம்ப நல்லது சார்" என்று சொல்லி ஒரு டிக் போட்டார். மூன்று முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முட்டை உள்ளே தங்கியது. மெதுவாக, ஒரு முட்டைக்கு இருபது நிமிடம் என்று சாப்பிட்டால் வயிறு முரண்டு பிடிக்கவில்லை. எட்டு நாள் சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் புரட்டாசி பிறந்தது.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி முழுக்கக் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. அந்த ஒரு மாதம் நாமக்கல் முட்டைக்கு உள்ளூரில் கேட்பார் இருக்காது. என் மனைவி அடுப்பங்கரையைக் கழுவித் துடைத்து, முட்டை வேகவைக்கும் பாத்திரத்தைப் பரண்மேல் ஏற்றினாள். நான் பரணைப் பார்த்தேன்.

"ஒரு மாசந்தானுங்க" என்றாள். "கொள்ளு இருக்கு, பருப்பு இருக்கு. நாங் கல்யாணமாகி வந்து ஒரு வருசமாச்சும் உட்டிருக்கனா?"

புரோட்டீன் பவுடரின் வாசனை என் வயிற்றுக்கு ஆகவில்லை. கடையில் முட்டை சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஒருநாள் சாப்பிட்டேன். அலுவலகத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் நின்றபடி, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நாலு நிமிடத்தில் இரண்டு முட்டையை விழுங்கினேன். சாலையைக் கடப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது. வெட்டப்பட்ட வயிறு திருட்டுத்தனத்துக்கு ஒத்துவராது. அதற்கு உட்கார இடமும் நேரமும் வேண்டும்.

இந்த நிலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் சகலை தன் காலைத் தட்டைப் படம் எடுத்துப் போட்டார். பனீர், சுண்டல், ஓரமாக வெள்ளையாக ஏதோ நாலு துண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு வழவழப்பாக இருந்தது. மனைவியிடம் நீட்டினேன்.

"இட்டிலியா இருக்குமுங்க" என்றாள்.

"இட்டிலி இப்படி மினுங்காது."

"அவிய தட்டுல என்ன கெடந்தா உங்களுக்கு என்னங்க?"

மூன்றாம் சனிக்கிழமை சகலை வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவருடைய கோழிப்பண்ணை, அதை ஒட்டியே வீடு. எல்லோரும் இலையில் உட்கார்ந்தபோது அவர் இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். தீவன மூட்டை அடுக்கிய கொட்டகையில் அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அக்கா முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் ஒரு கையில் உரித்த முட்டை, மறு கையில் செல்போன். போனில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பத்திரிகைக்காரரு மோப்பம் புடிச்சு வந்துட்டாரு பாரு" என்று சகலை சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றார் அந்த அக்கா. "திருட்டுத்தனமெல்லாம் இல்லீங்க. எங்க சாமிகிட்டப் பூக் கேட்டாச்சு. வெள்ளைப்பூ வந்துருச்சு. ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாமேன்னுதான் இங்க." பிறகு கணவரிடம் திரும்பி, "இன்னும் மெல்லுங்க. முழுங்கக் கூடாது. அஞ்சு நிமிசங்கூட ஆகல" என்றார்.

ஒரு முடிவுக்குக் குலதெய்வத்தின் சம்மதம் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் பூக் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். பெண் பார்க்க, கிணறு வெட்ட, நிலம் வாங்கக் கேட்பார்கள். முட்டைக்குக் கேட்டதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

எனக்கு எரிந்தது முட்டைக்காக அல்ல. ஒருத்தி அவருக்காகச் சாமியிடம் போய் நின்று கேட்டிருக்கிறாள். கோழித்தீவன வாடையில் நின்றுகொண்டு, அவர் மெல்லுவதற்கு நேரம் பார்க்கிறாள். அந்தச் செல்போனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். இலைக்குத் திரும்பி வந்து எதையும் தொடவில்லை. சாம்பார் சூடாக இல்லை என்று மட்டும் சொன்னேன். சூடாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க அக்கா பூக் கேட்டிருக்காங்க. நீயும் சமைச்சுக் குடுக்கலாம்."

"அதெப்படிங்க? அவிய கூட்டம் வேற, நம்ம கூட்டம் வேற. அவிய சாமி வேற, நம்ம சாமி வேற. அங்க வந்த பூவு நமக்குச் செல்லாது." கூட்டம் என்று எங்கள் பக்கத்தில் குலத்தைச் சொல்வார்கள்.

"அப்ப நம்ம சாமிகிட்டக் கேளு."

"நீங்கதான் சாமியே கும்பிட மாட்டீங்களே."

"முட்டைக்காகக் கும்பிடறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் உருட்டிவிட்டு, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"இன்னொருக்காக் கேளுங்க" என்றேன்.

"மறுக்காக் கேட்டா நம்பலீன்னு ஆகுமுங். சாமி ஒருக்காத்தான் சொல்லும்."

சாமி நம்பிக்கை இல்லாத எனக்கு அந்தச் சிவப்பு இவ்வளவு சுடும் என்று எதிர்பார்க்கவில்லை. அவருக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு. மருத்துவமனை, கல்யாண மண்டபம், இப்போது கோயில். வாசலில் செருப்பைத் தேடுவதுபோல முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. தட்டில் கிடந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் குழாய் அவளுக்கும் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

ராசிபுரம் கடைவீதியில் காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்ப் பனீரும் சோயா உருண்டையும் கெட்டித் தயிரும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"முட்டைக்குத்தானுங்க கேட்டோம். முட்டைக்குத்தான் செகப்பு" என்றாள். "இதையெல்லாம் சாமி ஒண்ணுஞ் சொல்லலையே."

அன்று சாயங்காலம் முதல்முறையாக அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு செய்தியாளரை உட்கார வைத்துக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொள்ளுப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கியது. அவள் அதைச் சாய்த்துத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்தாள். அது என் ரசத்துக்கு. வெந்த கொள்ளு அம்மிக்குப் போனது.

"அது யாருக்கு?"

"எனக்கும் புள்ளைக்கும். கொள்ளுப் பருப்பு கடையறதுக்குங்க."

"நான் ஆவணியிலிருந்து குடிச்சது?"

"தெளிவுதானுங்க. ஆபரேசன் பண்ணுன வவுத்துக்குச் சக்கையையா போடுவாங்க? சத்தெல்லாம் தெளிவுலதான் எறங்கும்னு எங்கம்மா சொல்லும்."

காலையில் இரண்டு டம்ளர் கொள்ளு ரசம், சாயங்காலம் பருப்புத் தண்ணீர். சிறுத்துப்போன வயிற்றை நாள் முழுக்கத் தண்ணீரால் நிரப்பிவிட்டு, கொள்ளு சாப்பிடுகிறேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். ஒரு நிருபர் இப்படிச் செய்தி கொடுத்தால் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். என் மகள் சாப்பிட்ட கொள்ளுப் பருப்பை எண்ணிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து ஒரு கணம் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி அப்போதே அக்காவுக்குப் போன் செய்து, எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிடம் என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அவர் வீட்டு முறை என் வீட்டுச் சுவரில் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லாமல் சாப்பிட்டேன். கடைந்த கொள்ளு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், உதிர்த்த பனீர், பொடியாக அரிந்த சோயா. அவள் எதிரே உட்கார்ந்தாள். "மெல்லுங்க" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப்பின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐப்பசியில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. மருத்துவர் என் தாளைப் பார்த்து, "தப்பிச்சுட்டீங்க" என்றார். ரத்தப் புரதம் குறைந்தபட்சக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே. குழாய் வேண்டாம். மனைவி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள்.

"என் சகலைக்கு எவ்வளவு டாக்டர்?"

"அதை அவர்கிட்டத்தான் கேக்கணும்."

வெளியே அவர் தன் தாளை மடிக்காமல் நீட்டினார். "பாருங்க சகல. இல்லீன்னா உங்களுக்குத் தூக்கம் வராது." பார்த்தேன். என்னைவிட ஏழு புள்ளி அதிகம். நல்லது என்று சொன்னேன்.

அக்காவும் தங்கையும் அம்மாபேட்டைக்குச் சேலை பார்க்கப் போனார்கள். நாங்கள் இருவரும் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். புரட்டாசி முடிந்து கடை நிறைந்திருந்தது. சகலை ஒரே ஒரு ஆம்லெட் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுங்களா?" என்று பரிமாறியவர் எங்கள் வயதைப் பார்த்தார்.

"அதே மிச்சமாயிடும் பாருங்க" என்றார் சகலை.

ஸ்பூன் விளிம்பால் அவர்தான் வெட்டினார். கோடு நடுவில் போகவில்லை. பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திருப்பித் தள்ளவும் இல்லை. அவர் தன் பங்கை நிதானமாக முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என் தட்டில் இன்னும் மூன்று வாய் இருந்தது. வயிறு போதும் என்று சொல்லத் தொடங்கியிருந்தது. சகலை என் தட்டைப் பார்த்தார்.

"முடியலீன்னா இங்க தள்ளுங்க சகல. வீணாப் போக வேண்டாம்."

"முடியுமுங்க" என்றேன்.

தட்டை என் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நெடுநேரம் கையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். மேசைக்காக இரண்டு பேர் வந்து நின்றார்கள். சகலை அவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, அவரு சாப்புடறாரு" என்றார். நான் நிமிரவில்லை. மூன்று வாயையும் மென்று முடித்த பிறகுதான் எழுந்தேன்.