வெட்டிய ஒன்றரைச் சுற்று

1. லிஃப்டில் தொங்கிய சக்கரம்

அன்று சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு, சேலையூரில் உள்ள எங்கள் ஷெட்டில் ஒரு சின்ன காரை லிஃப்டில் ஏற்றினேன். பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் லீக், மாற்ற வேண்டும். லிஃப்ட் மேலே போனதும் நான்கு சக்கரங்களும் தொங்கின. பழக்க தோஷத்தில் பின்பக்க ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பிடிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய பிடிப்பு என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு விரல் உயரம் குறைவாக இருந்தால் கையோடு கழன்று வந்துவிடும் என்று தோன்றியது.

அப்படித் தோன்றிய உடனே கையை எடுத்துவிட்டேன். அதே மாடல் காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளை முந்தின நாள் நான் வெட்டியிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று.

ஸ்கிராப் டப்பாவில் கிடந்த, நான் வெட்டிப் போட்ட துண்டை எடுத்து நிறுத்தி விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று விரலுக்கு மேலேயே இருந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். விரலை எப்படி வைத்தாலும் மூன்றுக்குக் குறையவில்லை.

சஸ்பென்ஷன் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி சின்ன கார்களில் முன்பக்க ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள் பூட்டியிருக்கும், லேசில் வெளியே வராது. பின்பக்க ஸ்பிரிங்குக்குப் பூட்டு கிடையாது. மேலே பாடியில் ஒரு ரப்பர் சீட், கீழே ஆக்ஸிலில் ஒரு குழி, நடுவில் ஸ்பிரிங் வண்டியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்வரை கவலை இல்லை. பெரிய ஸ்பீட் பிரேக்கரில் ஏறி வேகமாக இறங்கினால், பாலத்தின் முடிவில் வண்டி ஒரு துள்ளு துள்ளினால், சக்கரம் ஒரு கணம் தொங்கும். அப்போது நீளம் போதாத ஸ்பிரிங், சீட்டை விட்டு நகர்ந்துவிடும். திரும்ப வண்டி உட்காரும்போது அது பழைய இடத்தில்தான் உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

என் பார்ட்னர் பாபு அலைன்மென்ட் பக்கம் இருந்தவர், என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துப் போய் கீது?"

"தினேஷ் வண்டி பாபு. நேத்து பின்னாடி ஆக்ஸிலத் தொங்கவுட்டு செக் பண்ணவே இல்ல."

பாபு துண்டைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார். "போனப் போடு" என்றார்.

2. நான் ஒப்புக்கொண்டது

தினேஷ் மாடம்பாக்கத்துப் பையன். கல்யாணமாகி, ஒரு வயதுகூட ஆகாத குழந்தை இருக்கிறது. சோழிங்கநல்லூரில் வேலை. கார் வாங்கிய நாளிலிருந்து என்னிடம்தான் சர்வீஸ். ஒரு மாதமாக விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல இவ்ளோ கேப் இருந்தா ஏதோ லாரி மாதிரி இருக்குண்ணா. கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் சம்ப் அடி வாங்கும். டயர் உள்பக்கம் தேயும். நம் ஏரியா ஸ்பீட் பிரேக்கர்களில் வண்டியைக் குறுக்காக ஓட்டி ஓட்டிப் பைத்தியம் பிடிக்கும். மழை வந்தால் பள்ளிக்கரணைப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. ஆர்டிஓ பார்த்தால் அது வேறு தலைவலி. இவ்வளவையும் ஒப்பித்தேன், ஸ்பிரிங் கழன்றுவிடலாம் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அப்போது அது என் மண்டையிலேயே இல்லை.

"நீங்க செய்யலன்னா மேடவாக்கத்துல ஒருத்தர் செய்றாராம். கேஸ் கட்டர் வச்சு பத்து நிமிஷத்துல முடிச்சுடுவாராம்" என்றான்.

அங்கேதான் நான் விழுந்தேன். கேஸ் கட்டர் என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நெருப்பில் வெட்டினால் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உடையும். எவனோ அப்படிக் கெடுப்பதற்கு நாமே ஒழுங்காகச் செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். முன்பக்க ஸ்பிரிங், பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கட்டிங் வீலில், தண்ணீர் ஊற்றி ஊற்றி, சூடு ஏறாமல் வெட்டினேன். வெட்டிய முனையைப் பாலிஷ் போட்டேன். ஜாப் கார்டில் 'கஸ்டமர் விருப்பத்தின்பேரில்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இதையெல்லாம் நான் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்கைப் பொருத்தும்போது ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக் இருந்தது. ஜாக்கைத் தூக்கி, ஷாக் போல்ட்டைப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினேன். நடுவில் ஜாக்கை ஒரு தடவை முழுவதும் இறக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டிருந்தால் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடுவது கண்ணிலேயே பட்டிருக்கும். அரை நிமிட வேலை. எங்களுக்கோ டயருக்கு மேலே எத்தனை விரல் இடைவெளி என்பதுதான் பேச்சு. ஒரு விரல். தினேஷ் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். நான் தனியாக கேம்ப் ரோடு சிக்னல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியைக் கொடுத்தேன். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் எப்படி என்று பார்க்கவில்லை.

3. எடுக்காத போன்

நான்கு தடவை அடித்தேன். தினேஷ் எடுக்கவில்லை. ஜாப் கார்டில் இன்னொரு நம்பர் இருந்தது, அவன் அப்பாவுடையது. அவர் எடுத்தார்.

"சேலையூர் மெக்கானிக் பேசறேங்க. தினேஷ் இல்லீங்களா?"

"இல்லப்பா. கொயந்தைக்கு மொட்ட அடிக்க குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போய்கீறாங்கோ. அரை அவர் ஆவுது."

"கார்லயா?"

"ஆமா. எங்க வூட்டம்மா, சம்பந்தியம்மா, எம் பொண்ணு மூணு பேரும் பின்னாடி. முன்னாடி அவன், மருமவ, மடில கொயந்தை. எனக்கும் எடம் இருந்துச்சுன்னானுங்க, நான்தான் போவல. எவன் எறக்கி வுட்டானோ அந்த வண்டிய, தரையில குந்தற மாறி கீது. எம் முட்டிக்கு ஆவாது."

வண்டியை இறக்கியது யார் என்று தினேஷ் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. எந்த வழியாகப் போனார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பல்லாவரம் வழியா போனா ஸ்பீட் பிரேக்கரு ஜாஸ்தி, அடி தட்டுதுன்னு ரிங் ரோட்டுல போறேன்னான். ஏம்பா, எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லீங்க, சின்ன செக்கப்" என்றேன். வாய்க்கு வந்த பொய். அதைச் சொன்ன பிறகு காரில் இருக்கும் வேறு யார் நம்பரையும் அவரிடம் கேட்க முடியவில்லை.

பல்லாவரம் வழி என்றால் டிராபிக்கில் முப்பதுக்கு மேல் போக முடியாது. ஸ்பிரிங் நகர்ந்தாலும் ஓரமாக நிறுத்திவிடலாம். ரிங் ரோடில் எண்பது, தொண்ணூறு போவான். பாலம் ஏறி இறங்கும். ஸ்பிரிங் சாய்ந்து டயரைக் கிழிக்கலாம், பிரேக் ஆயில் போகும் ஹோஸை அறுக்கலாம். அந்த வேகத்தில் இரண்டில் எது நடந்தாலும் யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஷெட்டில் அதே மாடலின் பழைய ஸ்பிரிங் ஒரு ஜோடி வெட்டாமல் கிடந்தது. அதையும் ஒரு பாட்டில் ஜாக்கையும் ஸ்பேனர்களையும் சாக்கில் போட்டு பாபு தூக்கிக்கொண்டார். பைக்கில் கிளம்பினோம். தாம்பரம் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முடிச்சூர் ரோடு முழுக்க ஆட்டோவும் தண்ணீர் லாரியும். ரிங் ரோடு ஏறியதும், ஓரத்தில் நின்ற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கும்பல் கூடியிருந்தது. பாபு என் தோளைப் பிடித்து, "பாக்காத, வண்டிய ஓட்டு, நான் பாக்கறேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "லாரி பஞ்சருதான்ணா" என்றார்.

நடுவில் பாபு விடாமல் தினேஷ் நம்பரை அடித்துக்கொண்டே வந்தார். ரிங் அடித்து அடித்து நின்றது. அந்த ரிங் சத்தம் பைக் இரைச்சலையும் தாண்டி என் காதில் விழுந்தது, அல்லது விழுந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

குன்றத்தூருக்கு இறங்கும் இடத்தில் போன் வந்தது. ஓரம் கட்டினேன். தினேஷ்.

"என்னண்ணா, பதினோரு மிஸ்டு கால்! போன் சைலன்ட்ல இருந்துச்சு. இப்பதான் மொட்டை அடிச்சு முடிச்சோம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

"வண்டி எப்படி இருக்கு தினேஷ்?"

"செம லுக்குண்ணா. கோயில் வாசல்ல ரெண்டு பேரு விசாரிச்சாங்க. பின்னாடி மட்டும், ஒரு பாலத்துல இறங்கறப்ப டங்குன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் வண்டி லைட்டா இழுக்குது."

"எங்க நிக்குது?"

"அடிவாரத்துல."

"தொடாத. சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுக்க. யாரையும் ஏத்தாத. நான் வந்துகினு இருக்கேன்."

4. அடிவாரத்தில்

பின்னாலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. இடது பக்கம் வண்டி தோள் சாய்ந்து நின்றது. பாபு ஜாக்கைப் போட்டுத் தூக்கினார். நான் சக்கரத்தைக் கழற்றினேன். இடது ஸ்பிரிங் மேல் சீட்டை விட்டு முழுவதும் நழுவி, சாய்ந்து, டயரின் உள்சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. ரப்பரில் சுற்றிலும் ஒரு பள்ளம், கீழே நூல் இழை தெரிந்தது. நான் பாலிஷ் போட்ட அந்த முனைதான் அறுத்திருந்தது. பிரேக் ஹோஸுக்கும் அதற்கும் நடுவில் அரை விரல்கூட இல்லை.

தினேஷ் குனிந்து பார்த்தான். மூஞ்சியில் ஈயாடவில்லை. "அண்ணா, நான் எண்பதுல வந்தேன்" என்றான். அதையே இன்னொரு தடவையும் சொன்னான்.

அவன் மனைவி நித்யா பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூட டீச்சர். இடுப்பில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை. அது என் ஸ்பேனரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"இது திரும்பிப் போறப்ப வெடிச்சிருக்குமா அண்ணா?" என்று கேட்டாள்.

"வெடிச்சிருக்கும்மா."

தினேஷ் அவசரமாக, "நான்தான் நித்யா கேட்டேன், அண்ணா வேணாம்னுதான் சொன்னாரு" என்றான்.

"நீங்க கேட்டீங்க, சரி. உங்களுக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்தான். "உங்களுக்குத் தெரியும்ல அண்ணா? நீங்க ஏன் வெட்டினீங்க?"

தண்ணீர் ஊற்றித்தான் வெட்டினேன், சூடே ஏறவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, அப்படியே விழுங்கிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷாக் போல்ட்டுகளைக் கழற்றி, வெட்டிய ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, பழைய முழு ஸ்பிரிங்குகளைப் போட்டோம். பூட்டிய பிறகு ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் கையால் ஆட்டிப் பார்த்தேன். பாபுவையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். தினேஷையும் கூப்பிட்டு ஆட்டச் சொன்னேன். அறுந்த டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டினோம். வண்டி பின்னால் தூக்கிக்கொண்டும் முன்னால் இறங்கியும் அசிங்கமாக நின்றது. தினேஷ் ஒரு பார்வை பார்த்தான். பெண்கள் நால்வரும் குழந்தையும் ஆட்டோவில் வந்தார்கள், நித்யா காரில் ஏற மறுத்துவிட்டாள். நாற்பதுக்கு மேல் போகாதே என்று தினேஷிடம் சொல்லிவிட்டு, மாடம்பாக்கம் வரை பாபுவை ஏற்றிக்கொண்டு நான் பைக்கில் பின்னாலேயே போனேன். அவ்வளவு தூரமும் இடது சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

5. வாசலில்

தினேஷின் அப்பா வாசலில் நின்றிருந்தார். போனில் விஷயம் போயிருந்தது, ஆனால் பாதிதான் போயிருந்தது. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எந்த பேமானி வெட்டி வுட்டானோ தெரில. நீ வேலையப் போட்டுட்டு தேடிகினு போய் காப்பாத்திகீற. நல்லா இருப்பா நீ."

தினேஷ் தரையைப் பார்த்தான். நித்யா ஆட்டோவிலிருந்து குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், அவர்கள் யாரும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"அந்த பேமானி நான்தாங்க" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார், நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை.

"உள்ள எம் பேரன் இருந்தாம்பா" என்றார். அவ்வளவுதான். குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங்குகளும், அறுந்ததற்குப் பதில் ஒரு புது டயரும் போட்டுக் கொடுத்தேன். தினேஷ் இப்போதும் என்னிடம்தான் வருகிறான். அவன் அப்பா வருவதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பிரிங் வேலை எதுவாக இருந்தாலும், பூட்டிய பிறகு சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின் சீட்டில் ஆளை உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். இறக்கிக் கொடு என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். அவர் வேறு இடத்துக்குப் போனால் போகட்டும், போகும்போது எதனால் முடியாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். கஸ்டமர் கேட்டார், அதனால் செய்தேன் என்று நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் வேறு பதில் இல்லை, அந்தப் பதிலை அவளிடம் சொல்லும் தைரியமும் இல்லை.